கொல்லிமலை நிழலுக்கு எந்த லென்ஸ்?

மார்கழி மாதம், பொழுது புலரும் நேரம். கொல்லிமலையில் சோளக்காடு என்ற ஊரை ஒட்டிய ஒரு காப்பித் தோட்டத்துக்குள் நின்றால் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். மேலே சில்வர் ஓக்கும் பலாவும், அவற்றைப் பற்றி ஏறிய மிளகுக் கொடியும். அவற்றின் கீழே காப்பிச் செடி. அதற்கும் கீழே உதிர்ந்த இலை. அந்த இலைக் குவியலுக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை எழுகிறது. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து இறங்கி வந்திருக்கும் ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் கூவுவதால் வந்த பெயர். பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று உடம்பெல்லாம் நிறம். ஆனால் அது இலையைப் புரட்டிக்கொண்டு நடக்கும் தரையில் வெளிச்சம் இல்லை. ஐ.எஸ்.ஓ. 400-ல் வைத்துப் பார்த்தால் ஷட்டர் வேகம் நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறாது. கையில் இருப்பது 600 மி.மீ. லென்ஸாகவே இருக்கட்டும், அந்தப் படம் தேறாது.

பறவைப் படம் எடுக்க எத்தனை எம்.எம். வேண்டும் என்றுதான் கேமரா வாங்கும் எல்லாரும் கேட்கிறார்கள். கொல்லிமலைக்குப் போகிறவர் அதற்கு முன்பு வேறு மூன்றைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. அங்கே எவ்வளவு இருட்டு? பறவைக்கு எவ்வளவு அருகில் போக முடியும்? எத்தனை கிலோவை எத்தனை படி சுமக்க முடியும்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் எம்.எம். தானே முடிவாகிவிடும்.

நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டாக நிற்கிறது கொல்லிமலை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டுநிலம். படம் எடுப்பவருக்கு இது ஒரு மலை அல்ல, இரண்டு மலை. சரிவுகளில் முள்ளும் பாறையும் இலையுதிர் மரமும், வெட்டவெளி வெயிலும். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத மஞ்சள்தொண்டைச் சின்னானைத் தேட வேண்டிய நிலம் இப்படிப்பட்டதுதான். மேலே போனால் காப்பித் தோட்ட நிழல், பள்ளங்களில் பசுமை மாறாக் காடு, எந்த நேரமும் வந்து மூடிவிடும் மூடுபனி. சரிவில் பறவை தொலைவில் இருக்கும், வெளிச்சம் தாராளம். மேட்டில் பறவை பக்கத்தில் இருக்கும், வெளிச்சம்தான் கிடையாது. ஒரே காலைப் பொழுதில் இரண்டையும் சந்திக்க நேர்கிறது. லென்ஸ் குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400, அபர்ச்சர் எஃப் 5.6 என்று வைத்தால் ஷட்டர் நொடியில் 3200-ல் ஒரு பங்கு கிடைக்கும். பறக்கும் கழுகையே நிறுத்திவிடலாம். அடர்ந்த தோட்ட நிழல் அதைவிட ஏழு ஸ்டாப் குறைவு என்று கொள்வோம். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகக் குறையும். ஏழு முறை பாதியாக்கினால் 25-ல் ஒரு பங்கு. ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றினால் 200-ல் ஒரு பங்கு வரை மீட்கலாம். அதே இடத்தில் எஃப் 4 லென்ஸ் 400-ல் ஒரு பங்கு தரும். எஃப் 11 லென்ஸ் தருவது 50-ல் ஒரு பங்கு. அசையாமல் உட்கார்ந்த சின்னானுக்கு 200-ல் ஒரு பங்கு போதும். இலையைப் புரட்டும் ஆறுமணிக்குருவிக்கு அது பத்தும் பத்தாததுமாக இருக்கும். கிளை விட்டுக் கிளை தாவும் அரசவால் ஈபிடிப்பானுக்கு ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும். அதை அந்த நிழலில் எந்த லென்ஸும் எளிதில் தராது. அது வெளிச்சத் துண்டுக்குள் வந்து உட்காரும்வரை காத்திருப்பதே வழி.

லென்ஸின் மேல் எழுதியிருக்கும் இரண்டு எண்களிலிருந்து மூன்றாவது எண் ஒன்றைக் கண்டுபிடிக்கலாம். விளம்பரத்தில் அதை யாரும் பெரிதாகப் போடுவதில்லை. குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் வருவது ஒளி நுழையும் வாயின் விட்டம். 300 மி.மீ. எஃப் 4 என்றால் 75 மி.மீ. வாய். 400 எஃப் 5.6 என்றால் 71. கேனானின் 100-500 ஜூம் கடைசி முனையில் எஃப் 7.1, அங்கே வாய் 70. அதே நிறுவனம் 2020-ல் கொண்டுவந்த 800 எஃப் 11 பெயரளவில் எவ்வளவு நீளம்! அதன் வாயும் 73 மி.மீ.தான். நிக்கானின் 500 எஃப் 5.6-க்கு 89. 600 எஃப் 6.3 வரை போகும் ஜூம்களுக்கு 95. பெரிய 600 எஃப் 4-க்கு மட்டும் 150.

ஒரே இடத்தில் நின்று ஒரே குருவியை எடுக்கும்போது, அந்தக் குருவியிலிருந்து வரும் ஒளியில் எவ்வளவு உள்ளே போகிறது என்பதை முடிவுசெய்வது இந்த வாய்தான். அதனால்தான் 400 எஃப் 5.6-ல் எடுத்துப் பாதிக்கு வெட்டிய படமும் 800 எஃப் 11-ல் எடுத்த முழுப் படமும் இருட்டில் ஏறக்குறைய ஒரே அளவு புள்ளியடித்துப் போகின்றன. எடையும் விலையும்கூட வாயைத் தொடர்ந்தே ஏறுகின்றன. 70-ஐ ஒட்டிய வாய் உள்ளவை பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ. 90-ஐ ஒட்டியவை இரண்டு கிலோவைத் தொடும். 150 என்றால் மூன்று கிலோ, விலை பத்து லட்ச ரூபாயைத் தாண்டும். சந்தையில் எத்தனை பெயர்கள் இருந்தாலும் நம் முன்னால் இருப்பவை இந்த மூன்று வீடுகள்தான்.

வாயை இரட்டிப்பாக்க இன்னொரு வழி இருக்கிறது. 20 மீட்டரில் இருக்கும் பறவையை 600 எஃப் 4 லென்ஸில் எடுக்கிறீர்கள். இன்னொருவர் 10 மீட்டரில் உட்கார்ந்து 300 எஃப் 4-ல் எடுக்கிறார். சென்சாரில் விழும் பறவையின் அளவு இரண்டிலும் ஒன்றே. அபர்ச்சர் ஒன்றே, ஷட்டர் ஒன்றே, பறவையிடமிருந்து பெற்ற ஒளியும் ஒன்றே. பின்னவரின் படத்தில் இடையில் நிற்கும் பனிமூட்டம் பாதி என்பதால் தெளிவு கூடும். 20 செ.மீ. நீளமுள்ள சின்னான் 10 மீட்டரில் இருக்கும்போது 400 மி.மீ. லென்ஸில் 8 மி.மீ. பிம்பமாக விழுகிறது. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ., ஆக மூன்றில் ஒரு பங்கு. ஐந்து மீட்டருக்கு வந்துவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு. லென்ஸோடு சேர்த்து மாட்டி குவியத் தொலைவைக் கூட்டும் எந்த டெலிகன்வர்ட்டரும் இதைச் செய்யாது. 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் ஒளியைத் தின்னும், 2 மடங்கு இரண்டு ஸ்டாப்பைத் தின்னும். நெருங்குவதற்கு அந்த விலை இல்லை.

நெருங்குவது என்றால் பறவையை நோக்கி நடப்பது அல்ல. அது விரட்டுவது. கொல்லிமலையில் பறவை தானே நெருங்கி வரும் இடங்கள் உண்டு. பழுத்த ஆலோ அத்தியோ இருந்தால் குக்குறுவான்களும் மாங்குயில்களும் நாள் முழுக்க வந்து போகும். முள்முருக்கு இலையுதிர்த்துச் சிவந்து பூக்கும்போது கரிச்சான், மைனா, தேன்சிட்டு எல்லாம் ஒரே மரத்தில். பாறையில் நீர் கசியும் ஓரம் வெயில் ஏறிய பிறகு குளிக்கும் இடமாகிவிடும். இந்தத் தோட்டங்களில் ஆட்கள் தினமும் நடமாடுகிறார்கள், மிளகு பறிக்கிறார்கள், களை எடுக்கிறார்கள். அதனால் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பறவைகள் சீக்கிரம் பழகிக்கொள்கின்றன. தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மரத்தடியில் ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தால் பத்து மீட்டர் குறையும். அந்தப் பத்து மீட்டரின் விலைதான் மேலே சொன்ன பத்து லட்சம்.

இதை நமக்கு முன்பே வாழ்ந்து காட்டியவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்தவர், 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதியவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட ஒரு கருவிக்கு சூப்பர் பாண்டெரோசா என்று பெயர் வைத்திருந்தார். தானியங்கி ஃபோக்கஸ் கிடையாது, கை நடுக்கத்தைத் தாங்கும் ஏற்பாடு கிடையாது, கருப்பு வெள்ளை ஃபிலிம். அந்தக் கருவியால் அவர் எடுத்த யானைப் படங்கள் இன்றும் நிற்கின்றன. விலங்கு அடுத்து என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கருவியின் குறையை அந்த அறிவு ஈடுகட்டியது.

பழைய கருவியே போதும் என்று சொல்லவில்லை. நடுக்கத்தைத் தாங்கும், கழற்றி மாட்டக்கூடிய முதல் லென்ஸை கேனான் 1995-ல் கொண்டுவந்தது. அதற்கு முன்பு 400 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து 400-ல் ஒரு பங்குக்குக் கீழே எடுப்பது சூதாட்டம். இன்று 100-ல் ஒரு பங்கிலும் கை நிற்கிறது. ஆனால் அந்த ஏற்பாடு அடக்குவது நம் கையை மட்டுமே, குருவியின் தலையை அல்ல. சாமானியருக்குப் பெரிய மாற்றம் 2013-க்குப் பிறகு வந்தது. டாம்ரான் 150-600, சிக்மா 150-600, நிக்கான் 200-500 மூன்றும் 2015-க்குள் வந்துவிட்டன. அதுவரை பல லட்சம் கொடுத்தால்தான் கிடைத்த தொலைவு ஒரு லட்சத்தை ஒட்டிய விலைக்கு இறங்கியது. தமிழ்நாட்டுக் குளக்கரைகளில் இன்று பார்க்கும் லென்ஸ்களில் பெரும்பகுதி இந்த வீட்டுப் பிள்ளைகள்தான். சோனியின் 200-600 வந்தது 2019-ல், நிக்கானின் 180-600 வந்தது 2023-ல்.

இந்த ஜூம்களை ஏரிக்கரைக்கும் சீக்குப்பாறைக் காட்சிமுனைக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். கொண்டைப் பாம்புக் கழுகு 100 மீட்டரில் வட்டமிட்டால், ஒன்றரை மீட்டர் சிறகு விரிப்பு 600 மி.மீ.-ல் 9 மி.மீ. பிம்பம் தரும். ஃபிரேமின் அகலத்தில் கால் பங்கு. 400-ல் அது ஆறாகச் சுருங்கும். தொலைவு தேவைப்படும் இடத்தில் தொலைவே தேவை. அங்கும் ஒரு வரம்பு உண்டு. வெயில் ஏறியதும் கீழே நாமக்கல் சமவெளியிலிருந்து சூடான காற்று சரிவைத் தழுவிக்கொண்டு மேலே வரும். அந்தக் காற்றின் அலைவைத் தொலைநோக்கு லென்ஸ் அப்படியே பெரிதாக்கிக் காட்டும். இறகு விளிம்பு நெளிந்து கரையும். காலை ஒன்பதரைக்கு எடுத்த படம் மங்கலாக இருந்தால் லென்ஸை மாற்றிப் பயனில்லை. ஏழு மணிக்குப் போயிருக்க வேண்டும்.

ஜூமா, குவியத் தொலைவு மாறாத பிரைமா என்ற பழைய வழக்குக்கு வருகிறேன். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்தது என்கிறது புறநானூறு. லென்ஸில் அப்படி எல்லாவற்றுக்கும் ஒன்று வேண்டும் என்ற ஆசை நம் எல்லாருக்கும் உண்டு. ஜூம் அந்த ஆசையின் வடிவம். அரசவால் ஈபிடிப்பான் ஆண் வந்து அமரும்போது அதன் அருமை தெரியும். உடம்பு கைப்பிடி அளவு, வால் அதைவிட மிக நீளம். 500 பிரைம் வைத்திருப்பவர் வாலை வெட்டிவிட்டுத் தவிக்கும்போது ஜூம்காரர் 300-க்கு இழுத்து முழுதாக எடுத்துக்கொள்வார். வளைவுச் சுவர்களில் குட்டியோடு உட்கார்ந்திருக்கும் நாட்டுக் குரங்குக்கும் அப்படியே.

ஜூமில் நான் பெரிதும் மதிப்பது குறைந்தபட்ச ஃபோக்கஸ் தூரம். கேனான் 100-400 இரண்டாம் பதிப்பும் 100-500-ம் ஒரு மீட்டருக்குள் வந்து ஃபோக்கஸ் ஆகும். கொல்லிமலையில் பறவை இல்லாத நேரம் உண்டு, பட்டாம்பூச்சியும் ஓணானும் தவளையும் இல்லாத நேரம் கிடையாது. சோனி 200-600-க்கு 2.4 மீட்டர் வேண்டும். நிக்கான் 600 எஃப் 6.3-க்கு 4 மீட்டர். கேனான் 800 எஃப் 11-க்கு 6 மீட்டர். ஆறு மீட்டர் தேவைப்படும் லென்ஸோடு காப்பி வரிசைகளுக்குள் நின்றால், பறவை நம்மிடம் வரும் நேரத்தில் நாம் பின்னால் நடக்க வேண்டிவரும்.

பிரைமின் வாதமும் வலுவானது. 2018-ல் வந்த நிக்கான் 500 எஃப் 5.6, 2023-ல் வந்த 600 எஃப் 6.3 இரண்டும் வரிவரியாக வெட்டிய தனி வகைக் கண்ணாடியைப் பயன்படுத்தி, 90-ஐ ஒட்டிய வாயை ஒன்றரைக் கிலோவுக்குள் அடக்கிவிட்டன. மலையில் நடப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வடிவமைப்பு இன்று இல்லை. விலைதான் சில லட்சங்கள். கைக்கு எட்டும் விலையில் பிரைம் வேண்டுமென்றால் பழைய 300 எஃப் 4, கேனானின் 400 எஃப் 5.6 இரண்டும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. 1993-ல் வந்த அந்த 400-ல் நடுக்கம் தாங்கும் ஏற்பாடு இல்லை, 3.5 மீட்டருக்குள் ஃபோக்கஸும் ஆகாது. ஆனாலும் பாறைச் சரிவு வெயிலில் அதன் கூர்மை இன்றைய ஜூம்களோடு போட்டி போடும்.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாக. கிராப் சென்சாரில் 400 மி.மீ. லென்ஸ் 600 போல் தெரியும் என்பார்கள். தெரிவது உண்மை, வாய் மட்டும் அதே 71-தான். புள்ளிகளை நெருக்கமாக அடுக்கிய சென்சார் என்பதால் வெயிலில் அது லாபம், நிழலில் லாபம் கரைந்துவிடும். நிக்கான் பி900 போன்ற, லென்ஸைக் கழற்ற முடியாத கேமராக்கள் 2000 மி.மீ.-க்கு இணை என்று விற்கப்படுகின்றன. உண்மைக் குவியத் தொலைவு 357, வாய் 55. பறவையை அடையாளம் காணவும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் பதிவுசெய்யவும் அது நல்ல கருவி, மாணவர்களுக்கு அதையே சொல்வேன். காப்பி நிழலில் அதனிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. மிரர்லெஸ் கேமராக்கள் 2020-க்குப் பிறகு பறவையின் கண்ணைத் தாமே தேடிப் பிடிக்கின்றன. இலைகளுக்கு நடுவே ஒரு கண்ணைப் பிடிக்கும் இந்தத் திறமைக்காகப் பழைய டி.எஸ்.எல்.ஆரை மாற்றுவது, லென்ஸை மாற்றுவதைவிடப் பல நேரங்களில் அதிகப் பயன் தரும்.

எடை பற்றிப் பலரும் வாங்கிய பிறகே யோசிக்கிறார்கள். அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது எளிது. பள்ளத்துக் காட்டின் பறவைகள் அந்தப் படிகளின் இரு பக்கமும்தான் இருக்கின்றன. திரும்பி ஏறும்போது லென்ஸும் கேமராவும் சேர்ந்து மூன்று கிலோ தோளில் தொங்கினால், பாதி வழியில் அதைப் பைக்குள் வைத்து மூடிவிடுவீர்கள். சீகாரப் பூங்குருவி பாடுவது அப்போதுதான் கேட்கும். இந்தப் படிகளில் டிரைபாட் சுமையும் இடைஞ்சலும். மோனோபாட் நல்லது, ஏறும்போது ஊன்றுகோலாகவும் ஆகும். காரிலிருந்து எடுப்பவர்கள் தைத்த துணிப்பையை வெறும் பையாகக் கொண்டுபோய், மேலே சந்தையில் இரண்டு கிலோ சாமை வாங்கி நிரப்பி ஜன்னலில் போட்டு அதன்மேல் லென்ஸை வைக்கலாம். ஊருக்குத் திரும்பியதும் சாமை சமையலுக்கு.

ஈரத்தையும் மறக்கக் கூடாது. ஏ.சி. காரில் குளிர்ந்த லென்ஸை ஈரக்காற்றில் வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். கடைசிச் சில வளைவுகளை ஏ.சி.யை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கி ஏறினால் இந்தத் தொல்லை இல்லை. நனைந்த பையோடு வீடு திரும்பி அப்படியே பீரோவில் வைத்துவிட்டால் சில மாதங்களில் உள்ளே பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பா போதும், அடுத்தமுறை வரை கண்ணாடி பிழைக்கும். செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே பார்ப்பதும் இந்தப் பூஞ்சைக்காகவே.

இனி என் தீர்ப்பு. கொல்லிமலை மேட்டுக்கு ஒரே ஒரு லென்ஸ் என்றால் 100-400 அல்லது 100-500 ஜூம். ஒன்றரைக் கிலோவை ஒட்டிய எடை, கிட்டத்தில் ஃபோக்கஸ், எழுபது மி.மீ. வாய். குறையும் ஒளியை உட்கார்ந்து காத்திருப்பதால் ஈடுசெய்யலாம். சரிவிலும் காட்சிமுனையிலும் நின்று கழுகு பார்ப்பவர், அதிகம் நடக்காதவர், 200-600 வகைக்குப் போகலாம். பணம் இருப்பவருக்கு எடை குறைந்த 500, 600 பிரைம்கள். 600 எஃப் 4 இந்த மலைக்கு வேண்டாம். எஃப் 11 லென்ஸ்கள் வெயிலுக்கு மட்டும்.

எந்த லென்ஸானாலும் கூட்டில் இருக்கும் பறவையை எடுக்காதீர்கள். போனில் கூவல் ஒலியைப் போட்டு ஆறுமணிக்குருவியை இழுக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் இறங்காதீர்கள். குரங்குக்குத் தின்பண்டம் காட்டிப் படம் எடுக்காதீர்கள், அதன் பழக்கம் கெட்டு வண்டிச் சக்கரத்தில் முடிகிறது.

பெருநகரங்களில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. பெரிய தொகை கொடுத்து வாங்கும் முன், மனதில் உள்ள லென்ஸை இரண்டு நாளுக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். முதல் நாள் காலை தோட்ட நிழலில் அதை வைத்து எடுத்துப் பாருங்கள். மறுநாள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆகாய கங்கைக்கு இறங்கி ஏறுங்கள். மேலே வந்து சேரும்போதும் அது பைக்குள் போகாமல் கையிலேயே இருந்தால் அதை வாங்குங்கள்.